ஆயிரத்தில் மூன்று

பேருந்துக் கழகத்தின் ஆறாவது மாடியில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் "மேடம்" என்பார்கள், இரண்டாவது வாரம் "சல்லடை மேடம்" என்பார்கள், மூன்றாவது வாரம் அவள் முதுகுக்குப் பின்னால் மேடம் கழன்றுவிடும். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் உள்ளூரப் பெருமைதான்.

அந்த நகரத்தில் நாளொன்றுக்குப் பதினோரு லட்சம் பேர் பேருந்தில் ஏறுகிறார்கள். ஏறியதும் கதவருகே இருக்கும் இயந்திரத்தில் அட்டையைத் தட்ட வேண்டும். 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் அவளிடம் வந்து சேரும்: எந்த அட்டை, எந்த பஸ், எத்தனை மணி, எந்த இடம். இயந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை நூற்றிருபது கோடி. அத்தனை வரிகளையும் உட்கார்ந்து படிப்பதென்றால் ஒரு மனுஷ ஆயுசு போதாது. அதனால் அதைச் சலித்து, கோளாறானதை ஒதுக்கி, பார்த்த மாத்திரத்தில் புரிகிற படமாக ஆக்கிச் சுவர்த்திரையில் போடுவது அவள் வேலை.

அப்படி அவள் போட்ட ஒரு படத்தை வைத்துக்கொண்டுதான் வரும் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நிர்வாகக் குழு உட்காரப் போகிறது. ஆள் ஏறாத நாற்பது பயணங்களை நிறுத்துவது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எந்த நாற்பது என்பதைத்தான் படம் சொல்ல வேண்டும். போன வருஷம் வெள்ளோட்டமாக ஆறு பயணங்களை நிறுத்தினார்கள். ஒரு புகார்கூட வரவில்லை. ஆகவே சல்லடை சொன்னால் சரியாக இருக்கும் என்று ஏழாவது மாடி வரைக்கும் பேச்சு.

இந்த இடத்துக்கு அவள் யார் தோளிலும் ஏறி வரவில்லை. இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அட்டையும் இல்லை, இயந்திரமும் இல்லை. நடத்துனர்கள் கொண்டுவந்து போடும் பயணிகள் எண்ணிக்கைத் தாள்களைக் கணினியில் அடிக்க எட்டுப் பேர் இருந்தார்கள், அதில் இவள் ஒருத்தி. மற்ற ஏழு பேரும் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் மட்டும், ஒரு தடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கூட்டம் இரட்டிப்பாவதை எண்களை அடிக்கும்போதே கவனித்து, விசாரித்து, அந்தத் தடத்தின் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை இலவசக் கண் பரிசோதனை என்று கண்டுபிடித்தாள். கட்டம் போட்ட தாளில் அதை வரைந்து மேலாளர் மேஜையில் வைத்தாள். அடுத்த மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் கூடுதலாக ஒரு பஸ் ஓடியது. அன்று பிடித்த கிறுக்கு நாற்பத்தாறு வயதாகியும் விடவில்லை. வீட்டுத் துணிக்கொடியில்கூட ஒவ்வொரு நாள் துணிக்கும் ஒரு நிறக் கவ்வி மாட்டுகிற அளவுக்கு முற்றிப்போய்விட்டது.

மேலாளருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும். மனிதர் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். மூன்று கூட்டங்களில் நெரிசலான தடத்தைக் காலி என்றும் காலியான தடத்தை நெரிசல் என்றும் அவர் அடித்துச் சொன்னபோது இவளாகவே புரிந்துகொண்டாள். யாரிடமும் மூச்சுவிடாமல் எல்லாப் படங்களையும் நீலத்துக்கு மாற்றினாள். கூட்டம் அதிகமானால் கருநீலம், குறையக் குறைய வெளிர்நீலம், ஆளே இல்லையென்றால் வெள்ளை. அவர் நன்றி சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷம் அவளுக்கு ஜன்னலோர மேஜை கிடைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மலை மலையாகக் குவியும் தகவலை மனிதக் கண்ணுக்குக் காட்டுவதில் என்னென்ன சிக்கல் என்பது அவருடைய ஆராய்ச்சி. அவர் பெரிய பெரிய பெயர் வைத்துச் சொன்னதையெல்லாம் இவள் பெயர் வைக்காமலே தினமும் செய்துகொண்டிருந்தாள். சுவர்த்திரையில் மொத்தம் எண்பது லட்சம் புள்ளிகள்தான் இருக்கின்றன. நூற்றிருபது கோடியை அதில் கொட்டினால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எல்லாம் ஒரே கருநீலக் களிம்பாகிவிடும். ஆகவே சேர்த்துச் சுருக்க வேண்டும். சுருக்கினால் எது தொலைகிறது? படம் வரப் பத்து வினாடி தாமதமானால் அதிகாரிகள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். வேகமாக வர வேண்டுமானால் எதை முன்கூட்டியே கூட்டி வைப்பது? இந்த இரண்டுக்கும் இருவருமாக மண்டையை உடைத்துக்கொண்டு ஒருவழியாக வழி கண்டார்கள். மூன்றாவது ஒன்று இருந்தது. வராமலே போன தகவலைப் படத்தில் எப்படிக் காட்டுவது? அதற்குள் ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலம் முடிந்துவிட்டது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மேலாய்வுக்கு உரியவை என்ற தலைப்பின் கீழ் அதை ஒரு வரியாகப் போட்டுக் கும்பிடு போட்டார்கள். அந்த வரியைத் தட்டச்சு செய்ததும் இவள்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே அவள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். வியாழக்கிழமைக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட வேண்டும் என்று எண்ணம். ஆறாவது மாடியைத் துடைக்கிற அக்கா முக்காலியின்மேல் ஏறி நின்று சுவர்த்திரையின் மேல் ஓரத்தை உலர்ந்த துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், வாயால் ஊதினாள், மறுபடி தேய்த்தாள்.

"என்னக்கா, அப்படிப் போட்டுத் தேய்க்கிறீங்க? திரை தாங்காது."

"இந்த வெள்ளை போகவே மாட்டேங்குது மேடம். வெள்ளிக்கிழமையும் தேய்ச்சுப் பார்த்துட்டேன். நான்தான் ஈரத்துணி போட்டுக் கெடுத்துட்டேன்னு மேஸ்திரி என்னைப் பிடிச்சுக்கப் போறார்."

சல்லடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையின் உச்சியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பட்டை ஓடியது. அதைத்தான் அக்கா அழிக்கப் பார்த்திருக்கிறாள்.

"அது அழுக்கு இல்லக்கா, படமே அதுதான். மேல இருக்கிறது விடியறதுக்கு முன்னாடி கிளம்பற பஸ். கீழ வர வர நேரம் ஆகும். நீலமா இருந்தா கூட்டம். வெள்ளையா இருந்தா ஆள் இல்லாம ஈ ஓட்டிக்கிட்டுப் போகுதுன்னு அர்த்தம்."

"மேல இருக்கிறது முதல் பஸ்ஸா?"

"ஆமா. அஞ்சு மணிக்கு முன்னாடி எடுக்கிறது எல்லாம்."

அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கினாள். "மேடம், நாலு அம்பது பஸ்ஸுலதான் நான் வர்றேன்."

"நீங்க வர்றீங்க. உங்ககூட இன்னும் நாலு பேர் வருவாங்க."

"நாலு பேரா! நான் உட்கார்ந்து வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க ஸ்டாப்புக்கு வர்றதுக்குள்ள சீட்டெல்லாம் போயிடும். கம்பியைப் பிடிக்க இடம் கிடைச்சாலே பெரிய விஷயம்."

நாலு எழுத்துப் படித்தவர்கள் படிக்காதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு சிரிப்பு உண்டு. அதை அவளும் சிரித்தாள். நல்லவள்தான், ஆனால் சிரித்தாள். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"ஒருநாள் ரெண்டுநாள் கூட்டமா இருக்கும்க்கா. இது மூணு வருஷத்துப் படம். நூத்தியிருபது கோடி தடவை ஏறினது, மொத்தமும் இதுல இருக்கு."

"மொத்தமுமா? அப்ப நான் எங்க இருக்கேன், காட்டுங்க."

சல்லடை பதில் சொல்வதற்குள் அக்காவே அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள். "சரி, இது எதுக்கு? வெள்ளையா இருந்தா என்ன பண்ணுவாங்க?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. நாற்பது பயணங்களை நிறுத்தப் போகிறார்கள் என்றாள். அக்காவின் முகம் சட்டென்று மாறியது.

"அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான் மேடம். அதுல வந்தா ஏழேகால் ஆயிடும். ஏழரைக்குள்ள மாடி மொத்தமும் முடியலைன்னா மேஸ்திரி வேற ஆளைப் போட்டுடுவார். என் தங்கச்சிக்கு அப்படித்தான் ஆச்சு. அஞ்சாவது மாடி அவதானே பார்த்துக்கிட்டிருந்தா? கிழக்குப் பக்கம் குடியிருக்கா. போன வருஷம் அவ பஸ்ஸை நிறுத்தினாங்க. ஒரு மாசம் வாடகை வண்டியில வந்தா, வாங்கற சம்பளம் அதுக்கே போச்சு. விட்டுட்டா."

ஐந்தாவது மாடியில் ஆள் மாறியது சல்லடைக்குத் தெரியும். ஏன் என்று அவள் யோசித்ததில்லை. "காட்டறேன்க்கா, வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கேட்காமல் யாருடைய அட்டையையும் தனியாகத் திறந்து பார்க்கக் கூடாது என்பது அலுவலக விதி. அட்டைக்குச் சொந்தக்காரியே எதிரில் நின்று எண்ணைப் படித்துச் சொன்னதால் அவள் தட்டினாள். ஒன்பது வினாடியில் திரையில் வந்தது. மாதம் இருபத்தாறு நாள், பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, அலுவலகத்துக்கு எதிர் நிறுத்தத்தில், பிசகாமல் ஒரு புள்ளி. காலையில் ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷத்திலும் இல்லை. படத்தை நம்பினால், இந்த அம்மாள் மூன்று வருஷமாகத் தினமும் வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள், ஒரு நாளும் வேலைக்கு வந்ததில்லை.

"காலையில அட்டை தட்ட மாட்டீங்களா?" என்று கேட்டபோது அவள் குரலில் கொஞ்சம் போலீஸ் வாடை அடித்தது.

"தட்டாம டிரைவர் விட்டுடுவாரா? 'பீப்'னு சத்தம் வந்தாத்தான் உள்ளயே போக முடியும்."

இயந்திரம் வந்த புதிதில் அவளே எழுதி வைத்த ஒரு விதி சல்லடைக்கு நினைவு வந்துவிட்டது. ஒரே ஒரு வரிதான். இடம் பதிவாகாத தட்டல்களை ஒதுக்கிவிடு. எங்கே ஏறினார்கள் என்று தெரியாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எவ்வளவு ஒதுங்குகிறது என்று அப்போதே பார்த்தாள். ஆயிரத்தில் மூன்று. அரிசி களைந்தாலே அதைவிட அதிகமாகப் போகும் என்று மேலாளரும் சொன்னார், பேராசிரியரும் தலையாட்டினார்.

நல்லவேளையாக அவளுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. வீட்டில் கிழிந்த பையைக்கூட மடித்து வைப்பவள். ஒதுக்கியதெல்லாம் ஒரு கோப்பில் கிடந்தது, முப்பத்தாறு லட்சம் வரிகள். அதை அவள் ஒருமுறைகூடப் படமாகப் போட்டுப் பார்த்ததில்லை. இப்போது போட்டாள். கோளாறு என்றால் நாள் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்க வேண்டும். இது சிதறவில்லை. காலை நாலரையிலிருந்து ஐந்தே கால் வரை ஒரே தூணாக நின்றது. அந்தத் தூணுக்குள் மாதம் இருபத்தாறு நாளும் அக்கா இருந்தாள்.

"இதோ இருக்கீங்கக்கா" என்றாள்.

அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இத்தனை பேரையும் எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனாலேயே சல்லடைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மேலாளர் வந்ததும் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை, வியாழக்கிழமைக்குப் பயந்த மனிதர். "அறிக்கை போயாச்சும்மா. ஆயிரத்துல மூணுதானே? இயந்திரம் காலையில சூடாகறப்போ தானாவே சத்தம் போடுதோ என்னவோ. நீங்க நேர்ல பார்த்தீங்களா?" என்றார். பார்க்கவில்லைதான். இருபத்துநாலு வருஷம் பஸ்ஸையே படம் போட்டவள், நாலு அம்பது பஸ்ஸில் ஒரு தரம்கூட ஏறியதில்லை.

அவளுடைய கணவன் பல் செட் செய்கிறவன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கெல்லாம் வேலை ஆரம்பிக்கிறதே இல்லாத பல்லைப் பார்த்துத்தான்" என்றான்.

"நீ வேற, நேரம் காலம் தெரியாம. விடியறதுக்கு முன்னாடி என்னை வடக்கு பணிமனையில கொண்டுபோய் விடறியா?"

"பஸ் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவளுக்கு பஸ் ஏற ஸ்கூட்டரா?"

"முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போறதுக்கு எனக்கு பஸ் இல்ல."

அவன் சிரித்தான். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கும் அது உறைத்தது.

புதன்கிழமை நாலே முக்காலுக்குப் பணிமனை வாசலில் இறங்கினாள். தகரக் கூரைக்கடியில் பஸ்கள் வரிசையாக நின்றன. ஓட்டுநர் ஒருவர் கொட்டாவி விட்டபடியே ஏறி, தானே விளக்கைப் போட்டு, தானே அட்டை இயந்திரத்தை முடுக்கி, வண்டியை எடுத்தார். வாசலில் பதினோரு பேர் ஏறினார்கள், அவளும் ஏறித் தட்டினாள். 'பீப்' என்றது. இயந்திரத்தின் சின்னத் திரையில் 'இடம் தேடப்படுகிறது' என்று மூன்று புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டாவது நிறுத்தம், மூன்றாவது நிறுத்தம். ஆஸ்பத்திரிச் சீருடைப் பெண்கள், கைத்தடியோடு காவல்காரர்கள், பேக்கரிக்குப் போகிறவர்கள், பையில் மாற்றுத்துணியோடு துடைக்கிற வேலைக்குப் போகிறவர்கள். அவள் விரல் விட்டு எண்ணினாள். ஐந்தாவது நிறுத்தத்தில் அக்கா ஏறினாள். இவளைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள், பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒருத்தி, "பாவம், ஆபீசர் மாதிரி இருக்காங்க, உட்கார இடம் விடுங்க" என்றாள்.

"வேண்டாம். நிக்கட்டும்" என்றாள் அக்கா.

பத்தாவது நிறுத்தத்தில் ஐம்பத்தெட்டு ஆயிற்று. இயந்திரம் இன்னும் இடத்தைத் தேடிக்கொண்டுதான் இருந்தது. கூட்டத்தில் நீந்தி ஓட்டுநர் பக்கம் போய், இது எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாள்.

"தகரத்துக்கடியில ராத்திரி பூரா தூங்கின மெஷின் மேடம், முழிக்க அரை மணி ஆகும். மத்த வண்டியெல்லாம் அஞ்சு மணிக்கு ஆள் வந்து மெஷினைப் போட்டு வெளிய நிறுத்திடுவாங்க. கிளம்பறதுக்குள்ள அது இடத்தைப் பிடிச்சுடும். அஞ்சுக்கு முன்னாடி எடுக்கிற எங்களுக்கு யார் இருக்கா? பாலத்தைத் தாண்டட்டும், அதுவா சரியாயிடும்."

பாலத்தைத் தாண்டியதும் மூன்று புள்ளிகள் நின்றன, இடம் வந்தது. அதற்கப்புறம் ஐந்து பேர் ஏறினார்கள். மூன்று வருஷமாக அவள் படத்தில் இருந்தது அந்த ஐந்து பேர்தான். படத்தில் இல்லாத ஐம்பத்தெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு தூங்கிவழிய, நடுவில் நின்றுகொண்டு அவள் அழுதாள். அக்கா பார்த்தும் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று முழுக்க அவள் மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஒதுக்கிய வரிகளில் இடம் இல்லையே தவிர, அட்டையும் பஸ்ஸும் நேரமும் இருந்தன. அவற்றைத் திரும்பச் சேர்த்தாள். நீலத்தில் கலக்கவில்லை. எங்கே ஏறினார்கள் என்று தெரியாதவர்களுக்குத் தனியாக ஆரஞ்சு நிறம் கொடுத்தாள். தெரியாததும் வெள்ளை, ஆள் இல்லாததும் வெள்ளை என்று விட்டு வைத்ததால் வந்த வினை அல்லவா?

வியாழக்கிழமை கூட்டத்தில் முதலில் பழைய படத்தைப் போட்டாள். அப்புறம் புதியதைப் போட்டாள். உச்சியில் வெள்ளையாக இருந்த விரல் அகலப் பட்டை ஆரஞ்சாகப் பற்றிக்கொண்டு நின்றது. கழகத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"இவ்வளவு பேரை ஒதுக்கணும்னு விதி போட்டது யார்?"

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது வந்து சார், தொழில்நுட்ப ரீதியா..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான் சார்" என்றாள் சல்லடை.

தலைவர், சரி, இந்த நாற்பதில் முதல் பஸ்கள் எதிலும் கை வைக்க வேண்டாம் என்றார். அத்தோடு அவள் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் உட்காரவில்லை. "போன வருஷம் நிறுத்தின ஆறும் இதே தப்புதான் சார்" என்றாள்.

"அதுக்குப் புகாரே வரலையேம்மா. இப்ப அங்க பஸ்ஸும் இல்ல, ஆள் ஏறினதுக்குப் பதிவும் இல்ல. தேவைன்னு எதை வச்சு முடிவு பண்றது?"

அவள் மூன்றாவது படத்தைப் போட்டாள். முன்னூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரியும் அந்த ஆறு பஸ்களில் தினமும் வந்துகொண்டிருந்த ஒரு அட்டை. பெயர் கிடையாது, எண்ணும் கிடையாது. "காலையில இவங்க நம்ம படத்துல இல்ல சார். சாயங்காலம் வீட்டுக்குப் போறப்போ இருந்தாங்க. இந்தப் புள்ளியெல்லாம் அதுதான். நடுவுல இருக்கிற கோடு நாம பஸ்ஸை நிறுத்தின நாள்."

கோட்டுக்கு இடப்பக்கம் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. வலப்பக்கம் முதல் வாரம் கொஞ்சம் தளர்ந்தன, இரண்டாவது வாரம் அங்கங்கே விட்டுப்போயின. நாலாவது வாரத்துக்கு அப்புறம் நூற்றுத் தொண்ணூற்றேழு வரிகளில் ஒன்றுமே இல்லை.

"இவங்கல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டார் தலைவர்.

"தெரியல சார். ஒருத்தங்களைப் பத்தி மட்டும் தெரியும். இந்தக் கட்டடத்துலயே அஞ்சாவது மாடி துடைச்சுக்கிட்டிருந்தாங்க. வேலை போயிடுச்சு."

ஆறையும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எல்லோரும் கலைந்த பிறகு மேலாளர் திரையருகே தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கிட்டே போனதும், "இந்த நிறம் எனக்கு நல்லாத் தெரியுதும்மா" என்றார். கண்ணைப் பற்றி அவர் வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

முதல் தேதி கிழக்குப் பக்க முதல் பஸ் திரும்பவும் ஓடியது. நாலு பேர் ஏறினார்கள். இரண்டாம் நாளும் நாலு பேர். சல்லடைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருஷமாக வேறு வழி பார்த்துக்கொண்டவர்கள், பஸ் வந்துவிட்டது என்றவுடன் வாசலில் வந்து நிற்பார்களா? மூன்று மாதத்தில் நிரம்பாவிட்டால் மறுபடி நிறுத்துவார்கள், அப்போது அவள் என்ன படத்தைக் காட்டினாலும் எடுபடாது. தங்கச்சியிடம் போனில் கேட்டு, சரி என்று சொல்லவைத்து, அவளுடைய அட்டை எண்ணையும் அக்கா வாங்கிக் கொடுத்திருந்தாள். தினமும் காலையில் வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் அதைத்தான் சல்லடை முதலில் தட்டிப் பார்ப்பாள். ஐந்தாம் நாள் பஸ்ஸில் ஏழு பேர். எட்டாம் நாள் பதிமூன்று. தங்கச்சி வரி காலியாகவே இருந்தது. எப்படியிருக்கிறாள், வேறு வேலை கிடைத்ததா என்று அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அக்கா என்ன சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழே காலுக்கே தட்டினாள். ஒன்பது வினாடி. நாலு நாற்பத்தேழுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு புள்ளி.

வேலை முடித்து மாடிப்படிப் பக்கம் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினாள். "அக்கா! உங்க தங்கச்சி இன்னிக்கு பஸ் ஏறிட்டாங்க! நாலு நாப்பத்தேழு! இப்பத்தான் பார்த்தேன்!"

அக்கா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதைப் போய்த் திரையில தேடிக்கிட்டிருந்தீங்களா? புதுசா வந்தவ சரியில்லைன்னு மேஸ்திரி நேத்துதான் இவளைத் திரும்பக் கூப்பிட்டார். கீழ அஞ்சாவது மாடியிலதான் துடைச்சுக்கிட்டிருக்கா. போய்ப் பாருங்க."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள். ஐந்தாவது மாடி நடைவழியில், முதுகைக் காட்டிக்கொண்டு தரையை இழுத்து இழுத்துத் ஒருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். அக்காவின் அதே முகம், கொஞ்சம் இளைத்திருந்தது. "பார்த்து மேடம், ஈரமா இருக்கு."

சல்லடை ஈரத்தின் ஓரத்திலேயே நின்றாள். "உங்க பஸ்ஸை நிறுத்தினது நான்தாங்க" என்றாள்.

"தெரியும் மேடம், அக்கா சொன்னா." அவள் துடைப்பானைப் பிழிந்து நிமிர்ந்தாள். கோபிக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. "மூணு நாப்பதுக்கு திரும்பிப் போற பஸ் இருக்கில்ல, அப்பவே எங்க ஸ்டாப்புல நிக்காமப் போயிடுவான். அதையும் கொஞ்சம் பாருங்க."